மிதித்ததும் காலை எடு

ஜனவரி 9

அன்புள்ள டமாரத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் சுவர்க் கடிகாரமும் சொட்டுகிற குழாயும் நலம். அங்கே நீயும் உன் உல்லாசக் கப்பலும் நலமா? போனில் பேசினால் "சாப்டியா", "சாப்டேன்", "நீங்க?", "ஆச்சு" என்று அத்தோடு கடையைச் சாத்திவிடுகிறோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் அம்மா இருந்தவரை நம் இரண்டு பேருக்கும் நடுவில் அவள்தான் வக்கீல். இப்போது நாமே வாதாட வேண்டியிருக்கிறது.

பயப்படாமல் படி. இடுப்பில் ஒரு நரம்பு அழுந்தியிருக்கிறதாம். வலது பாதம் கொஞ்சம் மந்தம். டிப்போ டாக்டர் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். மேஜைக்கு அடியில் இரண்டு பெடல், எதிரே ஒரு விளக்கு. விளக்கு எரிந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைக்க வேண்டும். வைத்தேன். "மிதிக்கிறதுல ஒரு குறையும் இல்ல பெரியவரே, எடுக்கிறதுதான் லேட்டாகுது" என்றார். பெரியவராம்! அவர் மண்டையில் நாலு முடி இல்லை.

ஜூலையில் மறுபடி டெஸ்ட். தேறினால் என் பஸ் எனக்கு. தேறாவிட்டால் தொலைந்த பொருள் அறையில் உட்காரவைத்து, ஜனங்கள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல் போட்டுவிடுவார்கள். அந்த அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. வண்டியில் உட்கார்ந்தால் ஊரே என் முதுகுக்குப் பின்னால் ஏறி இறங்கும். வீட்டில் உட்கார்ந்தால் காக்காகூட எட்டிப் பார்க்கமாட்டேன் என்கிறது.

கணுக்காலை ஆட்டு, நிறுத்து, ஆட்டு என்று பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சுவரைப் பார்த்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்காதா? உன் அறையைப் பெருக்கப் போனபோது பெரிய டிரம்முக்குக் கீழே இருந்த பெடல் கண்ணில் பட்டது. இதுவும் பெடல்தானே என்று உட்கார்ந்து மிதித்தேன். 'தப்' என்றது. நீ மிதித்தால் 'தும்' என்று வீடே நிமிருமே, எனக்கு மட்டும் ஏன் அரிசி மூட்டை விழுகிற மாதிரி விழுகிறது? எழுது. உன் சாமான்மேல் கால் வைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.
அப்பா

ஜனவரி 30

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் படுத்து எழுந்து, சாவகாசமாகத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. நான் நலம். கடலும் இந்த வாரம் சாது. "பயப்படாமல் படி" என்று எழுதினால் உலகத்தில் யாராவது பயப்படாமல் படிப்பார்களா? கால் மரத்துப்போகிறதா, வலிக்கிறதா, படி இறங்கும்போது எப்படி இருக்கிறது, எல்லாம் எழுதுங்கள்.

இப்போது பாடம். முதல் கேள்வி: டூட்டி ஷூவோடா மிதிக்கிறீர்கள்? கழற்றுங்கள். வெறும் காலில்தான் பெடல் பேசுவது தெரியும். ஸ்டூலைக் கொஞ்சம் ஏற்றுங்கள், தொடை முட்டியை நோக்கி லேசாகச் சரிய வேண்டும். குதிகால் தரையில் இருக்கட்டும். வேலை கணுக்காலுக்குத்தான், தொடைக்கு இல்லை.

அந்த 'தப்'புக்குக் காரணமும் தெரியும். நீங்கள் பிரேக் பிடிக்கிறீர்கள் அப்பா! டிரம்மைப் போய் அடிக்கிற அந்தக் கம்பளி உருண்டைக்கு பீட்டர் என்று பெயர். நீங்கள் மிதித்துவிட்டு அப்படியே அழுத்திக்கொண்டு நிற்கிறீர்கள். பீட்டர் தோலோடு ஒட்டிக்கொள்கிறது, சத்தம் மூச்சுமுட்டிச் செத்துப்போகிறது. அடித்த உடனே விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் இருக்கிறது, அது தானாகத் திரும்பி வரும். டாக்டர் கேட்டதும் அதைத்தானே?

அந்தப் பழைய பெடல் ஒரு சண்டி, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எங்கள் பாட்டுக் குழு வாசிக்கிற டிரம் செட் கப்பலுடையது. நாங்கள் கையோடு கொண்டுவருவது குச்சியும் பெடலும் மட்டும்தான். பெடல் அவரவர் காலுக்குப் பழகியது. வேறு யாருடைய பெடலிலாவது உட்காரவைத்தால் என் கால் ஊமையாகிவிடும். நேற்று பெரிய ஹாலில் பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாதிப் பாட்டை நான் ஒருத்தியே தட்டி ஒப்பேற்றினேன். ஜனங்கள் கை தட்டினார்கள். பாவம், அவர்களுக்கும் கடலில் வேறு வேலை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் டமாரம்

பிப்ரவரி 22

அன்புள்ள டமாரத்துக்கு,

கடிகாரமும் குழாயும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். கால் வலிக்கவில்லை. படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன், கோபம் வருகிறது.

ஷூவைக் கழற்றிவிட்டேன். எப்படிக் கண்டுபிடித்தாய்? கப்பலில் தூரப் பார்வைக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்களா? பீட்டர் என்று எவன் பெயர் வைத்தான், கண்டக்டர் பெயர் மாதிரி இருக்கிறது. நீ சொன்னது முழுக்க உண்மை. ஆனால் என் காலுக்கு அது ஏறவில்லை. முப்பது வருஷமாக அதற்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: மெதுவாக மிதி, மெதுவாக விடு. வெடுக்கென்று விட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்வார்கள். என் வண்டியில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கினவர்கள் உண்டு, தெரியுமா? இப்போது அதே காலிடம் "வெடுக்குனு எடுடா" என்றால் அது என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறது.

பெடல் பற்றி நீ எழுதியது புரிந்தது. எங்களுக்கு டிரைவர் சீட்டில் போடுகிற மெத்தை அப்படி. வண்டி தினம் மாறும், மெத்தை மாறாது. என்னுடையதற்கு உன் அம்மா தைத்த பச்சை உறை, எந்தப் புது வண்டி வந்தாலும் அதைப் போட்டுத்தான் உட்காருவேன். ஒரு டிரைவர் தன் மெத்தையை இன்னொருத்தனுக்குக் கொடுத்தால், அவன் இனி ஸ்டியரிங் தொடமாட்டான் என்று அர்த்தம். பார்வை மங்கிப்போன வருஷம் எங்கள் டிப்போ டிரைவர் சோடாபுட்டி அப்படித்தான் மெத்தையை நீட்டினான். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தோம், குடித்தான்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா நேற்று மேலே வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். "அண்ணே, மத்தியானத்துல உங்க வீட்ல என்ன சத்தம்? யாரோ என் கதவைத் தட்டுறாங்கன்னு எழுந்து எழுந்து போய்த் திறந்து பார்த்தேன்" என்றாள். அவளுக்கும் கதவைத் தட்ட ஆளில்லை போலிருக்கிறது. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

குளிர் இருந்தால் காதை மூடிக்கொள்.
அப்பா

மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். கோபத்தைப் படியோடு விட்டுவிடுங்கள்.

ஒரு பழைய தலையணையை டிரம்முக்குள்ளே போடுங்கள். தோலை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். தையல்காரம்மாவிடம் எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சொல்லுங்கள், ஒன்றிலும் மூன்றிலும் மட்டும் கால். மெதுவாக. வேகம் தானாக வரும், அதைக் கூப்பிடவே கூடாது. குனிந்து பாதத்தைப் பார்க்காதீர்கள். ஓட்டும்போது பிரேக்கைக் குனிந்து பார்ப்பீர்களா என்ன?

எடுக்க வரவில்லை என்றால், எடுக்கிறோம் என்றே நினைக்க வேண்டாம். சூடான தரையில் முன்பாதம் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுட்டால் யாரும் யோசித்துக் காலை எடுக்க மாட்டார்கள். எனக்கு இப்படித்தான் வந்தது.

இங்கே மேலிடத்தில் ஏதோ கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொள்கிறார்கள். நமக்கென்ன. தூங்கப் போகிறேன்.

உங்கள் டமாரம்

ஏப்ரல் 6

அடி டமாரமே!

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். வந்துவிட்டது! 'தும்' என்று வந்துவிட்டது. உன் ஜன்னல் கண்ணாடி சிலிர்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ உள்ளே வந்த மாதிரி திரும்பிப் பார்த்தேன். அடுத்தது மறுபடி 'தப்'. அதற்கடுத்தது 'தும்'. பத்துக்கு நாலு தேறுகிறது. சூடான தரை என்றாயே, அந்த ஒரு வார்த்தையைத்தான் என் கால் கேட்டது.

தையல்காரம்மா மாடிப்படியில் நிறுத்தி, "இப்பல்லாம் கதவு தட்டுற மாதிரி இல்லண்ணே. மேல யாரோ நடமாடுற மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றாள். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் ரசிகை.

சந்தோஷத்தில் இன்னும் நாலு மிதி மிதித்தேன், ஸ்பிரிங் 'டொய்ங்' என்று அறுந்து அலமாரிக்குப் பின்னால் ஓடிவிட்டது. நீ சொன்ன சண்டி! டிப்போ ஃபிட்டர் நட்டுவிடம் காட்டினேன். "பஸ் கதவு ஸ்பிரிங் ஒன்னு கிடக்கு, போட்டுப் பாக்கலாம்" என்கிறான். பார்க்கலாம்.

நீ எந்தப் பாட்டுக்கு வாசிக்கிறாய் இப்போது? பாடகிக்குத் தொண்டை சரியாயிற்றா? விவரமாக எழுது. கடிதத்தை இரண்டு தடவை படிக்கிறேன், அதனால் நீளமாக எழுதினால் எனக்கு லாபம்.

அப்பா

மே 2

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். நீ நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன கடிதம் கிடைத்ததா? ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் செய்தேன். கப்பல் நேரத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள். நான் கப்பலைக் கேட்கவில்லை. இருந்தாலும் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

நட்டு போட்ட ஸ்பிரிங் யானைக்குப் பூட்டின சங்கிலி மாதிரி இருக்கிறது. மிதித்தால் என் காலையே தூக்கி அடிக்கிறது. பஸ் கதவல்லவா, யாரையும் உள்ளே விடமாட்டேன் என்கிறது.

உனக்கு வேலை அதிகமாக இருக்கும். சாவகாசமாக எழுது. ஆனால் எழுது.

அப்பா

மே 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கையில் சூடான டீ கொட்டிவிட்டது, பேனா பிடிக்க முடியவில்லை. இப்போது ஆறிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

பஸ் ஸ்பிரிங்கைக் கழற்றி எறியுங்கள், காலுக்குக் கேடு. தனிப் பார்சலில் என் பெடலை அனுப்பியிருக்கிறேன். நான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். டெஸ்டுக்கு இதில் பழகுங்கள், வெண்ணெய் மாதிரி இருக்கும்.

'தும்' வந்ததைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்களேன். கண்ணாடி இடது பக்கமா சிலிர்க்கிறது, வலது பக்கமா? மத்தியானம் அந்த அறையில் வெயில் எதுவரை வருகிறது? டிரம் மேலே தூசி தட்டுகிறீர்களா?

உங்கள் மகள்

ஜூன் 11

அன்புள்ள டமாரத்துக்கு,

நலம். கை நன்றாக ஆறிவிட்டதா? மருந்து போட்டாயா?

பார்சல் வந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தேன். ஓரத்தில் நீ சுற்றின நீலத் துணி டேப் அப்படியே இருக்கிறது. மிதிக்கிற தகட்டில் உன் பெருவிரல் படுகிற இடம் தேய்ந்து சின்னப் பள்ளமாகியிருக்கிறது. அதில் என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. என் விரல் தடி. பெடல் வெண்ணெய்தான், பொய் சொல்லவில்லை. பத்துக்கு எட்டு தேறுகிறது.

புதுப் பெடல் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. எந்தப் பாட்டு என்றும் கேட்கமாட்டேன். சோடாபுட்டியிடமும் நாங்கள் எதுவும் கேட்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தோம். உனக்கு இங்கிருந்து நான் எப்படி டீ வாங்கித் தருவது என்றுதான் இரண்டு நாளாக உட்கார்ந்து யோசிக்கிறேன்.

கண்ணாடி இடது பக்கம்தான் சிலிர்க்கிறது. வெயில் ஸ்டூலின் கால்வரை வரும், பிறகு திரும்பிவிடும். தூசி தினமும் தட்டுகிறேன். சாவி வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது. சும்மா சொல்லிவைக்கிறேன்.

அப்பா

ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். டீயெல்லாம் வேண்டாம் அப்பா, இங்கே எல்லாருக்கும் இலவசம்.

டெஸ்டுக்கு முந்தின நாள் பெடலைத் தொடாதீர்கள். காலுக்கு வெந்நீர் வையுங்கள், நன்றாகத் தூங்குங்கள். விளக்கையே முறைத்துப் பார்க்காதீர்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஓடட்டும். சூடான தரை, மறந்துவிடாதீர்கள். நீங்கள் தேறியாக வேண்டும். எனக்காகவாவது தேற வேண்டும்.

உங்கள் மகள்

ஜூலை 24

அன்புள்ள டமாரத்துக்கு,

நானும் பரிவாரமும் நலம். குழாயைக்கூடச் சரிசெய்துவிட்டேன். சொட்டு நின்றதும் வீடு ரொம்பவும் சும்மா இருக்கிறது. அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது.

டெஸ்ட் நன்றாக நடந்தது. விளக்கு எரிந்தது, காலை எடுத்தேன். என் கால்தானா என்று எனக்கே சந்தேகம். டாக்டர் இந்தத் தடவை பெரியவரே என்று கூப்பிடவில்லை, சார் என்றார். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிப் பேசினார். திங்கட்கிழமை வேலையில் சேருகிறேன். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்த பாடத்தால்தான். என்ன ஆனாலும் அதை மறுக்கமாட்டேன்.

உன் பெடலைத் திருப்பி அனுப்புகிறேன். அது உன்னிடமே இருக்கட்டும். உன் கால் அதில்தான் பேசும் என்று நீயே எழுதியிருக்கிறாய். வழியில் அடிபடாமல் இருக்க என் மெத்தையைச் சுற்றி வைத்துக் கட்டியிருக்கிறேன். இப்போது வருகிற வண்டியிலெல்லாம் சீட்டே பஞ்சு மாதிரி இருக்கிறது, அது எதற்கு எனக்கு. உறையைத் துவைத்துத்தான் போட்டேன்.

நட்டு வேறு ஸ்பிரிங் தேடித் தருகிறேன் என்றிருக்கிறான். தையல்காரம்மா, "என்னண்ணே, மேல நடமாட்டமே காணோம்" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

குளிர், வெயில் இரண்டுக்கும் பார்த்து நட.
அப்பா

ஆகஸ்ட் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமில்லை. நானும் நலமில்லை. இந்தத் தடவை அப்படியே ஆரம்பிக்கிறேன்.

பார்சலில் சுற்ற வீட்டில் ஒரு பழைய துணிகூடவா கிடைக்கவில்லை? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உங்கள் புளுகு முடிச்சை அவிழ்க்கிற வரைக்கும்கூடத் தாங்கவில்லை. பச்சை உறையைப் பார்த்ததும், மெத்தையைக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று நீங்கள் எழுதினது நினைவுக்கு வந்துவிட்டது. டாக்டர் சார் என்றாராம், நாற்காலி போட்டாராம். கெட்ட செய்தி சொல்லும்போதுதானே அப்பா அவர்கள் சார் என்பார்கள்? தொலைந்த பொருள் அறையில் குடைகளெல்லாம் எப்படி இருக்கின்றன?

நானும் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசியிலேயே எங்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். ஹாலில் இப்போது பதிவு செய்த பாட்டைப் போடுகிற பெட்டிதான் பாடுகிறது. வீட்டுக்குப் போகிறாயா, கப்பல் சலவைக்கூடத்துக்கு வருகிறாயா என்றார்கள். தோற்றுப்போய் வந்து நிற்க மனசில்லாமல் சலவைக்கூடம் என்றேன். கையில் பட்டது டீ இல்லை, இஸ்திரிப் பெட்டி. 'தும்' வந்தது என்று நீங்கள் எழுதின கடிதத்தை இஸ்திரி மேஜையில் வைத்துத்தான் படித்தேன். நம் வீட்டில் ஒருத்தர் டிரம் வாசிக்கிறார், அது நான் இல்லை என்று நினைத்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். அன்றைக்கு எப்படி எழுதுவேன்? பெடலை அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. உங்களிடமாவது அது வேலை செய்யட்டும் என்று அனுப்பினேன்.

பார்சல் வந்த மத்தியானம், வேலைக்காரர்கள் சாப்பிடுகிற கூடத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். பழைய டிரம் செட் ஒன்று மேஜைத் துணி போர்த்திக் கிடக்கிறது. ஸ்டூலில் உங்கள் மெத்தையைப் போட்டு உட்கார்ந்து மிதித்தேன். 'தப்' என்றது, அப்பா. நான், என் சொந்தப் பெடலில்! மிதித்த கால் அப்படியே அழுத்திக்கொண்டு நிற்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறது. உங்களுக்குச் சொன்னதை எனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தேன். ஒன்று, மூன்று. ஒன்று, மூன்று. பாத்திரம் கழுவுகிறவர் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார். நிறுத்தினேன். "ஏன் நிறுத்திட்டீங்க? உள்ளே ஆள் இருக்குன்னு தெரிஞ்சா எனக்கும் கொஞ்சம் நல்லா இருக்கும்" என்றார். தினமும் வேலை முடிந்ததும் போகிறேன்.

ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது. வீட்டுக்கு நேராக வரமாட்டேன், முதலில் டிப்போவுக்குத்தான். ஜன்னல் இல்லாத அந்த அறையின் கதவைத் தட்டுவேன், பீட்டர் தோலில் படுகிற மாதிரி, தட்டினதும் கையை எடுத்துவிடுவேன். நீங்கள் எழுந்து வந்து திறக்க வேண்டும். "சார், ஒரு அப்பாவ விட்டுட்டுப் போயிட்டேன், இங்க இருக்காரா?" என்று கேட்பேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

அடையாளம் கேட்டால் மெத்தையைக் காட்டுகிறேன்.

உங்கள் டமாரம்